புதுப்பிப்பு: பாயிண்ட்ஸில் வெளிநாட்டு டிக்கெட் எடுத்துவிட்டேன்

கிரெடிட் கார்டு செலவுக்கு வங்கி தரும் பாயிண்ட்ஸை வைத்து வங்கித் தளத்திலேயே டிக்கெட் எடுப்பதா, விமான நிறுவனத்தின் மைல்களாக (டிக்கெட் எடுக்க உதவும் அதன் சொந்தப் புள்ளிகள்) மாற்றுவதா என்று முன்பு கேட்டிருந்தேன். மாற்றித்தான் எடுத்தேன். வழிகாட்டிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

மைல்களில் எடுக்கக்கூடிய சீட் இருப்பதை உறுதி செய்யாமல் மாற்றாதீர்கள் என்று பலர் அடித்துச் சொன்னீர்கள். நூற்றுக்கு நூறு சரி. மைல்களாகப் போனது கார்டுக்குத் திரும்பாது. டிக்கெட்டை ரத்து செய்தாலும் மைல் கணக்கில்தான் வந்து சேரும்.

நான் நினைத்ததைவிடப் பெரிய விஷயம், எந்த விமான நிறுவனத்தின் மைல் திட்டத்தின் வழியாக எடுக்கிறோம் என்பது. ஸ்டார் அலையன்ஸ், ஒன்வேர்ல்டு, ஸ்கைடீம் ஆகிய விமான நிறுவனக் கூட்டணிகளில் ஒரு நிறுவனத்தின் சீட்டை இன்னொன்றின் மைல்களில் எடுக்கலாம். எனக்குக் கிடைத்த அதே விமானத்துக்கு, குறைந்த மைல்கள் கேட்ட திட்டம் எரிபொருள் கட்டணம் என்று ரொக்க விலையில் பாதியை நெருங்கும் தொகையைச் சேர்த்தது. வேறொன்றில் மைல்கள் சற்று அதிகம், ஆனால் வரி மட்டும்தான். இரண்டாவதை எடுத்தேன்.

கணக்குப் போட்டது இப்படி: ரொக்க விலையில் நாம் கையிலிருந்து கட்டும் வரியைக் கழித்து, மீதியைப் பாயிண்ட்ஸ் எண்ணிக்கையால் வகுத்தேன். வங்கித் தளம் ஒரு பாயிண்ட்டுக்குத் தரும் மதிப்பைவிட அது அதிகமாக வந்தால் மட்டுமே மாற்றுவது லாபம். எனக்கு நன்றாகவே வந்தது.

திரும்பும் பயணத்துக்கு இன்னும் சீட் முன்பதிவுக்குத் திறக்கவில்லை. பெரும்பாலான நிறுவனங்கள் சுமார் 11 மாதங்களுக்கு முன்புதான் திறக்கின்றன. கிடைத்ததும் எழுதுகிறேன்.