நியூயார்க் பொதுத்தேர்வு: 65 எப்படி 31 ஆனது?

திண்ணைவாசி:
நியூயார்க் மாநிலத்தில் 3 முதல் 8-ம் வகுப்பு வரையான தேர்வை 2013 ஏப்ரலில் காமன் கோர் என்ற, பல அமெரிக்க மாநிலங்கள் ஏற்ற பொதுவான பாடத்தரத்துக்கு மாற்றினார்கள். கணக்கில் தேர்ச்சி 65-லிருந்து 31 சதவீதம், ஆங்கிலத்தில் 55-லிருந்து 31. ஒரே வருஷத்தில் பிள்ளைகளெல்லாம் மக்காகிவிட்டார்களா? கேள்வித்தாளைக் கடினமாக்கினால் பள்ளி தானாக உயரும் என்று யார் சொன்னது?

அளவுகோல்:
மக்காகவில்லை சார், பழைய மார்க்தான் ஊதிப் பெருத்திருந்தது. 2009-ல் கணக்கில் 86 சதவீதம் தேறினார்கள். 2010-ல் தேர்ச்சிக் கோட்டை ஏற்றியதும் 61. தேசிய அளவில் மாதிரிக்குத் தேர்ந்தெடுத்த மாணவர்களுக்கு நடத்தும் நேப் தேர்வில் 2011-ல் அந்த மாநிலத்து எட்டாம் வகுப்புக் கணக்கில் 'புரொஃபிஷியன்ட்' (தேர்ந்தவர்) நிலையை எட்டியவர்கள் 30 சதவீதம்தான். 2013-ன் 31 அதையொட்டித்தானே வருகிறது?

திண்ணைவாசி:
நேப்பின் 'புரொஃபிஷியன்ட்' என்பது வகுப்புக்குரிய அளவு இல்லை, அதற்கு மேலே. நேப்காரர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். அதை மாநிலத் தேர்ச்சியோடு பக்கத்தில் வைத்தால் எந்த மாநிலமும் பொய்க்காரனாகத்தான் தெரியும்.

கோடுபோடுபவன்:
கோடு எப்படி விழுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கேள்விகளை எளிதிலிருந்து கடினத்துக்கு வரிசைப்படுத்தி ஒரு கையேடாக்குவார்கள். 'தேர்ச்சியின் விளிம்பில் நிற்கும் பிள்ளை மூன்றில் இரண்டு வாய்ப்போடு எதுவரை சரியாக எழுதும்?' என்று கேட்டு, ஒவ்வொரு நடுவரும் அந்த இடத்தில் அடையாளம் வைப்பார். பேசிவிட்டு மறுபடி வைப்பார்கள். 2013-ல் இதற்கு உட்கார்ந்தவர்கள் 95 கல்வியாளர்கள், அதுவும் பிள்ளைகள் எழுதி முடித்த பிறகு. கோடு கல்லூரிக்குத் தயாரா என்ற அளவுக்குப் பொருத்தப்பட்டது. எட்டு வயசுப் பிள்ளையிடம் கல்லூரிக் கணக்கு!

அளவுகோல்:
கோடு உயர்ந்தால்தான் பள்ளி விழிக்கும். 86 சதவீதம் தேர்ச்சி என்று அறிக்கை வந்தால் எந்தத் தலைமையாசிரியர் பாடத்திட்டத்தைத் திருப்பிப் பார்ப்பார்?

திண்ணைவாசி:
விழித்தவன் கையில் என்ன கொடுத்தார்கள்? கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் கூடுதல் வகுப்பு கொடுப்பது அங்கே விதி. கீழே விழுந்தவர்கள் கூடியதும் விதியைத் திருத்தி, வகுப்பு பெறுவோர் எண்ணிக்கை ஏறாமல் பார்த்துக்கொண்டார்கள். புது மாதிரிப் பாடங்களோ தேர்வு நேரத்திலும் முழுசாக வந்து சேரவில்லை. ஆங்கிலம் பழகிக்கொண்டிருக்கும் பிள்ளைகளில் ஆங்கிலத்தில் தேறியவர்கள் 3 சதவீதம். நாலு விடையில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் குறித்தாலே கால்வாசி சரியாகும். அந்த அடிமட்டத்தில், கொஞ்சம் தெரிந்தவனுக்கும் ஊகித்தவனுக்கும் மார்க் ஒன்றுபோலத்தான் நிற்கும். ஆசிரியருக்கு அதில் என்ன தெரியும்? முடிவும் ஆகஸ்டில் வந்தது, பிள்ளை அடுத்த வகுப்புக்குப் போன பிறகு.

அளவுகோல்:
அடிமட்டத்தைப் பற்றிச் சொன்னது சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆசிரியரைப் பலிகொடுத்தார்கள் என்று ஒரு வதந்தி ஓடுகிறதே, அது தவறு. ஆசிரியர் மதிப்பீட்டில் 100-க்கு 20 புள்ளி தந்த வளர்ச்சி மதிப்பெண், முன்பு ஒரே மார்க் எடுத்த பிள்ளைகளை ஒருவரோடொருவர் ஒப்பிட்டது. எல்லோரும் ஒன்றாக இறங்கினால் அதில் யாரும் இறங்குவதில்லை.

திண்ணைவாசி:
பெற்றோர் அதை நம்பவில்லையே. 2015-ல் ஐந்தில் ஒரு பங்குப் பிள்ளைகள் எழுத வரவில்லை. அந்த டிசம்பரில் ஆசிரியர் மதிப்பீட்டிலிருந்து இந்த மார்க்கை நான்கு வருஷத்துக்கு ஒதுக்கினார்கள். 2016-ல் நேரக்கெடு போனது. 2018-ல் மூன்று நாள் தேர்வு இரண்டு நாளானது. அப்போது ஏறிய மார்க்கை 2013-உடன் ஒப்பிட முடியாது.

கோடுபோடுபவன்:
2012-ஐயும் 2013-ஐயும் பள்ளிவாரியாக ஒப்பிடுவோர் ஒரு குழியில் விழுகிறார்கள். கணக்கில் மாநிலம் 34 புள்ளி இறங்கியது. 95-லிருந்து 75-க்கு வந்த பள்ளி 'தாங்கிநின்றது' என்பார்கள். அங்கே பிள்ளைகள் ஏற்கெனவே கோட்டுக்கு வெகு மேலே நின்றிருப்பார்கள், அவ்வளவே. 20-ல் இருந்த பள்ளியால் 34 இறங்கவே முடியாது. அதிகம் அடிபட்டது கோட்டை ஒட்டிக் கூட்டமாக நின்ற நடுத்தரப் பள்ளி. சதவீதத்தை விட்டுவிட்டு, பள்ளியின் சராசரி மதிப்பெண் மாநிலச் சராசரியிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது என்பதை இரண்டு வருஷத்துக்கும் எடுத்துப் பாருங்கள்.