ஒரே கம்ப்யூட்டர், மூன்று பிள்ளைகள்: கேம் சேவ் கலக்காமல் வைப்பது எப்படி?

லயத்துவீடு:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீடு. இருப்பது ஒரே கம்ப்யூட்டர், விண்டோஸ் 11, பாஸ்வேர்டுகூட கிடையாது. நாலாம் படிவம் படிக்கும் தம்பி, ஆறாம் ஆண்டு தங்கை, சாயங்காலமானால் அடுத்த லயத்து வரிசை வீட்டிலிருந்து வந்து உட்காரும் அத்தை மகன், மூவரும் அதில்தான் ஆடுகிறார்கள். தங்கை ஸ்டார்டியூ வேலியில் ஒரு பண்ணையை மாதக்கணக்காக வளர்த்து வைத்திருக்கிறாள். நேற்று அத்தை மகன் அதைத் திறந்து, பெட்டியில் அவள் சேர்த்து வைத்திருந்த ஸ்டார்ஃப்ரூட்டையெல்லாம் விற்றுவிட்டு, ஆட்டத்துக்குள்ளேயே படுத்துத் தூங்கியும்விட்டான். தூங்கினால்தான் அதில் சேவ் ஆகும், அதாவது ஆடியது பதிவாகும், தெரிந்தவர்களுக்குப் புரியும். அவள் அழுதுவிட்டு இன்னும் கம்ப்யூட்டர் பக்கமே வரவில்லை. இது போதாதென்று பழைய சிடியில் போட்ட ஜிடிஏ சான் ஆன்ட்ரியாஸில் பையன்கள் இருவரும் ஒருவர் சேவ் வைத்திருக்கும் ஸ்லாட் மேல் இன்னொருவர் சேவ் செய்து தினமும் சண்டை. ஆட்டங்களை வாங்கி இறக்கும் ஸ்டீம் கணக்கு என் பெயரில் ஒன்றுதான். ஆளுக்கொரு சேவ் தனியாக வைக்க முடியுமா? இன்னொரு கம்ப்யூட்டர் வாங்கு என்று மட்டும் சொல்லாதீர்கள், அதற்குக் காசு இல்லை.

பழையகீபோர்டு:
முதலில் தங்கையின் பண்ணையைப் பாருங்கள், மற்றதெல்லாம் அப்புறம். தூங்கி எழுந்த பிறகு அந்தப் பண்ணையில் இன்னொரு நாள் யாரும் ஆடவில்லை என்றால் மீட்டுவிடலாம். ஸ்டார்டியூ எப்போதும் முந்தைய நாளின் சேவ் ஃபைலுக்கு ஒரு பிரதி வைத்திருக்கும். ஆட்டத்தை மூடிவிட்டு அவள் சேவ் இருக்கும் இடத்துக்குப் போங்கள்: யூசர்ஸுக்குள் உங்கள் பெயர், அதற்குள் ஆப்டேட்டா, ரோமிங், ஸ்டார்டியூவேலி, சேவ்ஸ். ஆப்டேட்டா மறைந்திருக்கும், வியூ மெனுவில் ஹிடன் ஐட்டம்ஸை டிக் செய்தால் தெரியும். அங்கே ஒரு பெயரும் நீண்ட எண்ணுமாக இருக்கும் ஃபோல்டரை அப்படியே டெஸ்க்டாப்புக்கு ஒரு காப்பி எடுத்துக்கொள்ளுங்கள், இதைச் செய்யாமல் எதையும் தொடாதீர்கள். பிறகு சேவ்ஸில் உள்ள ஃபோல்டரைத் திறந்தால் இரண்டு ஃபைல்களின் பெயர் ஓல்ட் என்று முடியும். அதே பெயரில் ஓல்ட் இல்லாத இரண்டையும் அழித்துவிட்டு, இந்த இரண்டின் பெயரிலிருந்து அடிக்கோட்டையும் ஓல்டையும் எடுத்துவிடுங்கள். சேவ்களை இணையத்தில் காப்பி வைக்கும் ஸ்டீம் கிளவுட் எது வேண்டும் என்று கேட்டால் கம்ப்யூட்டரில் உள்ளதையே தேர்ந்தெடுங்கள்.

ராத்திரிஷிப்ட்:
ஆளுக்கொரு விண்டோஸ் கணக்கு போடுங்கள், பாஸ்வேர்டோடு. ஸ்டார்டியூ ஆப்டேட்டாவில் எழுதுகிறது, சான் ஆன்ட்ரியாஸ் டாக்குமெண்ட்ஸில் எழுதுகிறது, இரண்டுமே விண்டோஸ் கணக்குக்குக் கணக்கு தனித்தனி. ஆட்டத்தை மூன்று தடவை இன்ஸ்டால் செய்யவும் வேண்டாம், ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதியே எல்லோருக்கும் போதும். செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ், அதர் யூசர்ஸ், அங்கே மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமலேயே ஆள் சேர்க்க வழி இருக்கிறது. பிள்ளைகளை ஸ்டாண்டர்ட் யூசராகவே வையுங்கள். எல்லாவற்றையும் மாற்றும் அட்மின் உரிமை கொடுத்தால் அத்தை மகன் நாளைக்கே எல்லார் ஃபோல்டரையும் திறந்து பார்ப்பான். இன்னொன்று, ஆடி முடித்தவர் சைன் அவுட் செய்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். சைன் அவுட் செய்யாமல் ஆள் மட்டும் மாற்றினால் முதல் ஆளின் ஸ்டீம் பின்னால் ஓடிக்கொண்டே இருக்கும்.

பழையகீபோர்டு:
ராத்திரிஷிப்ட் சொன்னது சரி, ஆனால் பாதி வேலைதான். விண்டோஸை மூன்றாகப் பிரித்துவிட்டு ஸ்டீமில் மட்டும் எல்லோரும் லயத்துவீட்டின் கணக்கிலேயே நுழைந்தால், கிளவுட் சேவ் உள்ள ஆட்டங்களில் தம்பி சேவ் தங்கையிடமும் அவளுடையது தம்பியிடமும் இறங்கும். மூன்று வாளியை ஒரே தொட்டியில் கவிழ்ப்பது மாதிரி. மறுபக்கம், ஸ்டீம் கணக்கை மட்டும் பிரித்துவிட்டு விண்டோஸில் ஒரே கணக்காக விட்டாலும் ஸ்டார்டியூவுக்குப் பிரயோஜனமில்லை, அந்த ஃபோல்டருக்கு ஸ்டீமில் யார் இருக்கிறார்கள் என்பதே தெரியாது. இரண்டையும் பிரிக்க வேண்டும்.

தம்பிக்குப் புதிய ஸ்டீம் கணக்கு திறந்து ஸ்டீம் ஃபேமிலியில் அவனைச் சேர்த்துவிடுங்கள். 2024இல் வந்த ஏற்பாடு, 6 பேர்வரை சேரலாம், பகிர அனுமதி உள்ள ஆட்டங்களை அவன் தன் சேவோடு ஆடலாம். தங்கைக்கு இன்னும் 13 ஆகவில்லை என்றால் ஸ்டீம் விதிப்படி சொந்தக் கணக்கு கூடாது, அவள் உங்கள் கணக்கிலேயே இருக்கட்டும், ஆனால் அவளுடைய விண்டோஸில். அத்தை மகன் வேறு வீட்டுப் பையன், ஃபேமிலி ஒரே வீட்டில் இருப்பவர்களுக்குத்தான், அதனால் அவனுக்குச் சிடி ஆட்டம் போதும். சேர்க்க முடிந்தாலும் நான் சேர்க்கமாட்டேன்: ஃபேமிலியில் ஒருவர் உங்கள் ஆட்டத்தில் ஏமாற்றி ஆடி தடை வாங்கினால் அந்த ஆட்டத்தில் உங்களுக்கும் தடை.

செம்பனைக்காட்டான்:
சான் ஆன்ட்ரியாஸ் 18 வயது ஆட்டம் என்று அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை போலிருக்கே. சும்மா கேட்டேன் லா.

லயத்துவீடு:
பண்ணை வந்துவிட்டது! ஸ்டார்ஃப்ரூட் அத்தனையும் பெட்டியில் இருக்கிறது, ரொம்ப நன்றி அண்ணே. விண்டோஸ் கணக்கும் திறந்துவிட்டேன். பையன்களின் பழைய சான் ஆன்ட்ரியாஸ் சேவ் மட்டும் புதுக் கணக்கில் தெரியவில்லை. அம்மாவிடம் சொல்வதைப் பற்றி யோசிக்கிறேன்.

ராத்திரிஷிப்ட்:
அது பழைய கணக்கின் டாக்குமெண்ட்ஸிலேயே இருக்கும், ஜிடிஏ சான் ஆன்ட்ரியாஸ் யூசர் ஃபைல்ஸ் என்ற ஃபோல்டரில். அங்கே இல்லை என்றால் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவுக்குள் இருக்கும் டாக்குமெண்ட்ஸைப் பாருங்கள். 8 ஸ்லாட்டுக்கும் தனித்தனி ஃபைல், பெயரின் கடைசியில் 1 முதல் 8 வரை எண் இருக்கும். எது யாருடையது என்று முதலில் இருவரையும் உட்கார வைத்துக் கேளுங்கள், பிறகு அவரவர் ஃபைலை யூசர்ஸில் உள்ள பப்ளிக் ஃபோல்டரில் போட்டு, அவரவர் கணக்கில் நுழைந்து அங்கிருந்து எடுத்து வையுங்கள். புதுக் கணக்கில் ஆட்டத்தை ஒருமுறை திறந்து மூடினால் அந்த ஃபோல்டர் தானாக உருவாகிவிடும்.