சாம்பா ரீசைக்கிள்: 30 நாள் வைக்கச் சொன்னால் ஒரே ராத்திரியில் அழிந்துவிடுகிறது

குடந்தை_அச்சகம்:
கும்பகோணத்தில் பத்திரிகை அடிக்கும் அச்சகம், டிசைன் ஃபைல் எல்லாம் உபுண்டு (லினக்ஸ்) சர்வரில் சாம்பா ஷேராக, அதாவது விண்டோஸ் கம்ப்யூட்டரிலிருந்து நெட்வொர்க் வழியாகத் திறக்கும் ஃபோல்டராக இருக்கிறது. ஷேரில் அழிப்பது விண்டோஸ் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது என்பதால் அழித்ததைத் தனி ஃபோல்டரில் எடுத்து வைக்கும் சாம்பாவின் ரீசைக்கிள் மாட்யூலைப் போட்டிருக்கிறேன், டிஸ்க் நிரம்பாமல் இருக்க இரவு 2 மணிக்கு கிரானில் (குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வசதி) ஒரு ஃபைண்ட் (ஃபைல் தேடும் கட்டளை): அந்த ஃபோல்டரில் எம்டைம் 30 நாள் தாண்டியதை அழி. நேற்று மதியம் பையன் கைதவறி அழித்த காதணி விழா ஃபைல், காலையில் பார்த்தால் ரீசைக்கிளிலும் இல்லை. போன வாரம் அழித்த வேறு சில ஃபைல்கள் அப்படியே இருக்கின்றன. ஆவணி முகூர்த்தம் நெருங்குகிறது, என்ன செய்யலாம்?

தஞ்சை_சர்வர்:
அந்தக் காதணி ஃபைல் பழசுதானே சார்? எம்டைம் என்பது ஃபைலில் கடைசியாக எழுதிய நேரம், அழித்த நேரம் இல்லை. சாம்பா ஃபைலை அந்த ஃபோல்டருக்கு நகர்த்துகிறது, அவ்வளவுதான், தேதியை மாற்றாது. 2021-இல் செய்த ஃபைல் உள்ளே வரும்போதே 30 நாளைத் தாண்டித்தான் வருகிறது. கான்ஃபிகில் 'டச் எம்டைம்' ஆப்ஷனை 'எஸ்' ஆக்குங்கள். வெறும் 'டச்' போட்டால் ஏடைம் (கடைசியாகப் படித்த நேரம்) மட்டும்தான் மாறும், பேக்கப்போ வைரஸ் ஸ்கேனோ படித்தாலும் அது புதுசாகிவிடலாம், அதை நம்ப வேண்டாம். முக்கியமாக, ஏற்கெனவே உள்ளே கிடக்கும் ஃபைல்களுக்கு இது பொருந்தாது. இன்று ராத்திரி கிரான் ஓடுவதற்குள் அவற்றை டச் கட்டளையால் இன்றைய தேதிக்கு மாற்றிவிடுங்கள்.

நாகை_லினக்ஸ்:
சரியான பதில். டிஸ்கின் ஃபைல் சிஸ்டம் ஈஎக்ஸ்டி4 என்றால் நகர்த்தும்போதே சிடைம் (ஃபைலின் பெயர், பர்மிஷன் போன்ற விவரம் கடைசியாக மாறிய நேரம்) மாறும், அதை வைத்துத் தேடினாலும் நடக்கும், ஆனால் யாராவது மொத்தமாகப் பர்மிஷன் மாற்றினால் நாள் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். அப்புறம், ஃபைண்டில் டெலீட்டைக் கடைசியில்தான் எழுத வேண்டும். நாள் நிபந்தனைக்கு முன்னால் வந்தால் புதுசு பழசு பார்க்காமல் மொத்தத்தையும் துடைத்துவிடும். முதலில் டெலீட்டுக்குப் பதில் பிரிண்ட் போட்டு எது வருகிறது என்று கண்ணால் பாருங்கள். 'வெர்ஷன்ஸ்' ஆப்ஷனும் வேண்டும், இல்லையென்றால் அதே பெயரில் இன்னொன்றை அழிக்கும்போது முந்தையது போய்விடும்.

குடந்தை_அச்சகம்:
ஆமாம் அண்ணா, 2021 ஃபைல்தான், அதே வீட்டில் அடுத்த பெண்ணுக்கு விழா. டச் எம்டைம், வெர்ஷன்ஸ் இரண்டும் போட்டுவிட்டேன், கிரானை நிறுத்தி வைத்திருக்கிறேன். பேனர் ஃபைல்கள் ரொம்பப் பெரிசு, 'மேக்ஸ்சைஸ்' வைக்கலாமா?

தஞ்சை_சர்வர்:
வைக்காதீர்கள். அந்த அளவைத் தாண்டிய ஃபைல் ரீசைக்கிளுக்கே வராது, நேரடியாக அழிந்துவிடும். இடம் போதவில்லை என்றால் 30 நாளை 15 ஆக்குங்கள்.