காணிக்கை கணக்குல 7 எப்படி 1 ஆச்சு (என் அனுபவம்)

சபைல தப்பை பாத்து வாய் தொறந்தவங்க இருந்தா சொல்லுங்கன்னு கேட்டிருந்தீங்க, என்னோடது இது. ஆராதனை முடிஞ்சு காணிக்கை எண்ணுற ரெண்டு பேர்ல நான் ஒருத்தன். பென்சில்ல சீட்டு எழுதி குடுப்போம், பொருளாளர் அண்ணன் ரெஜிஸ்டர்ல ஏத்துவாரு, அடுத்த வாரம் நாங்க கையெழுத்து போடணும். பழக்கதோஷத்துல நான் ஒரு காப்பி எழுதி பைபிள்ல வச்சுப்பேன். ஒரு வாரம் தொகைல என் சீட்டுல 7 இருந்த இடத்துல ரெஜிஸ்டர்ல 1. தெரிஞ்சேதான் கையெழுத்து போட்டேன், ஏன்னா எங்கப்பா இறந்த ராத்திரி விடிய விடிய கூட உக்காந்திருந்த மனுஷன் அவரு.

அப்புறம் லேவியராகமம் 5:1 கண்ணுல பட்டுச்சு, கண்டதை சொல்லாதவன் தன் அக்கிரமத்தை சுமப்பான்னு. அது சாட்சிக்காரனுக்கு சொன்னதுதான், ஆனா நான் கையெழுத்தே போட்டவனாச்சே.

தப்பு செஞ்சவன்கிட்ட முதல்ல தனியா, அப்புறம் ஒண்ணு ரெண்டு பேரோட, அதுக்கப்புறம்தான் சபைகிட்டன்னு மத்தேயு 18 சொல்ற மாதிரி முதல்ல தனியா போனேன். அவரு கண்ணை மூடி "தம்பி ஜெபிப்போம்"னு ஆரம்பிச்சுட்டாரு, நானும் ஆமென் சொல்லிட்டு வந்துட்டேன், சிரிக்காதீங்க. ரெண்டாவது தடவை கூட எண்ணுறவரையும் கூட்டிட்டு போனேன், நடக்கல, அப்புறம்தான் கமிட்டி. அங்க முதல்ல என் கையெழுத்தைத்தான் காட்டினேன். ஒரு பெரியவரு, ஊழியக்காரர் மேல கை போடலாமா, தன்னைக் கொல்லத் தேடின சவுல் ராஜாவையே தாவீது தொட்டானான்னு கேட்டாரு. அப்ப பதில் வரல. வீட்டுக்கு வந்து 1 சாமுவேல் 24 முழுசா படிச்சா, தாவீது சவுலை கொல்லல சரி, ஆனா சவுலோட சால்வைல இருந்து அறுத்த தொங்கலை கைல பிடிச்சுக்கிட்டு ராஜாகிட்டயே சத்தமா நியாயம் கேட்டிருக்கான்! அதே தாவீது ராஜாவானப்புறம் நாத்தான் தீர்க்கதரிசி அவன் தப்பைச் சுட்டிக்காட்ட நேரா போய் "நீயே அந்த மனுஷன்"னு சொல்லலையா? இந்த பாதியை மட்டும் நான் பிரசங்கத்துல கேட்டதே இல்ல.

———

பிரதர், நான் உங்களுக்கு நேர்மாறு. ஆபீஸ்ல பின்னாடி எழுதி பழைய தேதி போட்ட பொய் ரசீது ஒண்ணு மாட்டுச்சு, சத்தியத்துக்காக நிக்கறேன்னு மீட்டிங்லயே தூக்கி காட்டிட்டேன். எழுதுன பையனுக்கு வேலை போச்சு, எழுதச் சொன்னவரு இன்னும் அதே சீட்லதான் இருக்காரு. முன்னாடியே அந்த பையனை தனியா கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருந்தா யார் சொன்னதுன்னு சொல்லிருப்பான், எனக்கு அவசரம்.

———

சிஸ்டர், அதுக்கப்புறம் அந்த தம்பிகிட்ட பேசினீங்களா? எங்க சபைல இப்ப சீட்டு பேனாலதான், அங்கயே மூணு பேர் கையெழுத்து. அண்ணன் பணத்தை திருப்பி கட்டிட்டாரு, முன் பெஞ்சுல இருந்தவரு கடைசி பெஞ்சுக்கு போயிட்டாரு. பக்கத்துல இடம் காலியாத்தான் இருக்கு, நான்தான் இன்னும் போய் உக்காரல.