பென்சில்வேனியால அப்பாவுக்கு மெடிக்கல் மரிஜுவானா கார்டு எடுக்கணும், கேர்கிவரா என் பேர போடலாமா?

எக்ஸ்டன்காரன்:

வணக்கம் மக்களே, கொஞ்சம் நீளமா இருக்கும் பொறுத்துக்கோங்க. அப்பாவுக்கு 70 வயசு, பெருங்குடல் கேன்சர், ஆபரேஷன் முடிஞ்சு இப்ப கீமோ. ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை போய் ஏத்திட்டு இடுப்புல கீமோ மருந்து பம்ப்ப மாட்டிகிட்டு வீட்டுக்கு வருவாரு, மூணாம் நாள் போய் கழட்டணும். 71 கிலோ இருந்தவரு இப்ப 59. ரசம் கொதிச்சா அந்த வாசனைக்கே எந்திரிச்சு பாத்ரூம் போயிடுறாரு, ஒரு நாளைக்கு மூணு உருண்டை தயிர் சாதம் இறங்கினா அன்னைக்கு வீட்ல திருவிழா. அந்த தயிர் சாதமும் ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த தயிரா இருக்கக்கூடாது, ஏன்னா ஆக்சாலிபிளாட்டின்னு ஒரு மருந்து போடுறாங்க, சில்லுன்னு எது பட்டாலும் விரல் நுனியில கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்குன்றாரு. போன வாரம் தெரியாம பால் கேன தொட்டுட்டு கீழ போட்டுட்டாரு.

குமட்டலுக்கு ஜோஃப்ரான், காம்பசின் ரெண்டும் குடுத்தாச்சு, பெருசா ஒண்ணும் கேக்கல. போன விசிட்ல ஆன்காலஜிஸ்ட் அவங்களா, மெடிக்கல் மரிஜுவானா கார்டு யோசிச்சீங்களா-ன்னு கேட்டாங்க. நான் அம்மாவுக்கு தமிழ்ல சொல்லப்போய் மாட்டிகிட்டேன், கஞ்சாவான்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டாங்க. அப்பா மட்டும் மெதுவா, "கேட்டு வையிடா"ன்னாரு.

அப்பா சிட்டிசன், அக்கா கலிஃபோர்னியால இருந்து ஸ்பான்சர் பண்ணது. ஆறு மாசமா என்கூட இங்க பென்சில்வேனியால எக்ஸ்டன்ல இருக்காரு, லைசென்ஸ் இன்னும் கலிஃபோர்னியாதுதான். அம்மா க்ரீன் கார்டு. நானும் க்ரீன் கார்டு, அடுத்த வருஷம் சிட்டிசன்ஷிப்புக்கு போடணும். கேள்வி இதுதான், அவருக்கு குமட்டல், பசியில்லன்னு சொல்லி கார்டு கிடைக்குமா, அவருக்கு பதிலா போய் வாங்கிட்டு வர கேர்கிவர்னு ஒருத்தர போடலாமாமே அது நான் இருக்கலாமா. ஃப்ரெண்டு ஒருத்தன் இவ்ளோ எதுக்கு, நியூ ஜெர்சில கடையில போய் வாங்கிட்டு வாடான்றான்.

ராத்திரி_ஷிஃப்ட்:

தம்பி, நான் கீமோ ஏத்துற இன்ஃப்யூஷன் சென்டர்ல நர்ஸ், அதனால இது தினமும் காதுல விழுற கேள்வி. முதல்ல உங்க ஃப்ரெண்டு சொன்னத மறந்துடுங்க. நியூ ஜெர்சில 2022 ஏப்ரல்ல இருந்து 21 வயசு ஆன யாருக்கும் விக்கிறாங்க, உண்மைதான், ஆனா அத பாலத்த தாண்டி இந்தப்பக்கம் கொண்டு வர்றது ஃபெடரல் குத்தம், பென்சில்வேனியாலயும் குத்தம்.

தகுதி விஷயத்துல உங்களுக்கு கவலையே இல்ல. பென்சில்வேனியா சட்டம் 2016ல வந்தது, அதுல எந்தெந்த வியாதிக்குன்னு லிஸ்ட் இருக்கு, கேன்சர் அதுல நேராவே இருக்கு. குமட்டலையும் பசியின்மையையும் தனியா நிரூபிக்க வேண்டியதில்ல. நரம்பு பாதிப்பும், அதாவது நியூரோபதியும், லிஸ்ட்ல இருக்கு, அந்த விரல் கரண்ட டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க, கார்டுக்காக இல்ல, கீமோ டோஸ குறைக்கணுமான்னு அவங்க பாக்கணும்.

ஒரு விஷயம் நிறைய பேர் தலைகீழா செய்வாங்க. டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடியே மாநில ஹெல்த் டிபார்ட்மென்ட் சைட்ல அப்பா பேர்ல பேஷன்ட்டா ரெஜிஸ்டர் பண்ணனும், ஒரு நம்பர் வரும், அத வச்சுதான் டாக்டர் சிஸ்டம்ல சர்டிஃபை பண்ணுவாங்க. அதுக்கப்புறம் திரும்ப உள்ள போய் 50 டாலர் கட்டினா கார்டு தபால்ல வரும். மெடிக்எய்ட், ஸ்னாப் மாதிரி வருமானம் கம்மியானவங்களுக்கான அரசு உதவி எதுலயாவது இருந்தா அந்த 50ல குறைப்பு உண்டு. எல்லா டாக்டரும் சர்டிஃபை பண்ண முடியாது, தனியா கோர்ஸ் முடிச்சு மாநிலத்துல பேர் பதிஞ்சவங்க மட்டும்தான், உங்க ஆன்காலஜிஸ்ட் அதுல இருக்காங்களான்னு கேளுங்க, கார்டு பத்தி பேசுறவங்க எல்லாரும் அந்த லிஸ்ட்ல இருக்கணும்னு இல்ல. இன்சூரன்ஸ் டாக்டர் ஃபீஸுக்கும் வராது, பொருளுக்கும் வராது.

இன்னொண்ணு, இத ஏன் யாரும் சொல்லலன்னு எனக்கு ஆச்சரியமா இருக்கு. ட்ரோனாபினால்னு ஒரு மாத்திரை இருக்கு, மரினால்னும் சொல்வாங்க. கஞ்சால இருக்குற அதே டிஹெச்சிதான், ஆனா லேப்ல செஞ்சது, 1985லயே ஃபெடரல் மருந்து ஆணையம் எஃப்டிஏ அப்ரூவ் பண்ணது, கீமோ குமட்டல் மத்த மருந்துக்கு அடங்காதப்ப குடுக்கறதுக்குன்னே வந்தது. சாதா ப்ரிஸ்கிரிப்ஷன், தெருமுனை ஃபார்மசில வாங்கலாம், கார்டும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். இன்சூரன்ஸ் முன் அனுமதி கேக்கும், ஒரு வாரம் இழுப்பாங்க. அம்மாவுக்கும் "மாத்திரை"ன்னு சொல்லிக்கலாம். கார்டுக்கு அப்ளை பண்ணிட்டே இதையும் கேளுங்க.

கொங்கு_குசும்பன்:

ஏனுங்க எனக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தூக்கமே வர்றதில்லீங்க, ஆன்சைட் கால் அப்படி. எனக்கு கார்டு குடுப்பாங்களாங்க?

ராத்திரி_ஷிஃப்ட்:

தூக்கமின்மை பென்சில்வேனியா லிஸ்ட்ல இல்லீங்க. ஆங்க்சைட்டி இருக்கு, 2019 ஜூலைல சேத்தாங்க. ஆனா நீங்க எந்த விசால இருக்கீங்கன்னு முதல்ல பாருங்க, கீழ யாராவது வந்து திட்டுவாங்க.

படிவம்_485:

திட்ட வந்துட்டேன் 😀 நான் வக்கீல் இல்ல, ஆனா என் கேஸுக்காக ஒரு இமிக்ரேஷன் வக்கீல்கிட்ட ஒரு மணி நேரத்துக்கு காசு கட்டி கேட்டது இது, நீங்களும் கட்டாயம் ஒரு தடவை கேளுங்க.

எக்ஸ்டன் ப்ரோ, அப்பா சிட்டிசன், அவருக்கு இமிக்ரேஷன் பிரச்சனை இல்ல. பிரச்சனை நீங்க. மாநிலம் என்ன கார்டு குடுத்தாலும் ஃபெடரல் சட்டத்துல மரிஜுவானா கட்டுப்பாட்டுல இருக்குற போதைப் பொருள்தான், குடியுரிமை குடுக்கறது ஃபெடரல். 2019 ஏப்ரல்ல குடியுரிமை குடுக்கற ஆபீஸ், யூஎஸ்சிஐஎஸ், எழுத்துலயே சொல்லிட்டாங்க, மாநிலத்துல லீகலா இருந்தாலும் மரிஜுவானா சம்பந்தப்பட்ட செயல் சிட்டிசன்ஷிப்புக்கு வேணும்ங்கிற நன்னடத்தைய கெடுக்கலாம்னு. கேர்கிவர்னா நீங்க என்ன பண்ணுவீங்க, டிஸ்பென்சரிக்கு, அதாவது கார்டு காட்டி வாங்குற கடைக்கு, போவீங்க, வாங்குவீங்க, கார்ல வச்சு கொண்டு வருவீங்க. நல்ல மனசோட அப்பாவுக்குத்தான் வாங்குறீங்க, ஆனா பேப்பர்ல அது நீங்க கைல வச்சிருந்தது, இன்னொருத்தருக்கு குடுத்தது. என்-400, அதாவது சிட்டிசன்ஷிப் அப்ளிகேஷன், அந்த இன்டர்வியூல சத்தியம் பண்ணிட்டு உக்காந்திருக்கும்போது இதுவரைக்கும் பிடிபடாத தப்பு ஏதும் பண்ணிருக்கீங்களான்னு கேப்பாங்க, அங்க பொய்யும் சொல்ல முடியாது. கைதே ஆகாம வெறும் வாயால ஒத்துக்கிட்டதுலயே மாட்டினவங்க இருக்காங்கன்னு வக்கீல் சொன்னாரு.

அம்மாவும் க்ரீன் கார்டு, அதனால அவங்களும் கேர்கிவர் வேண்டாம். வீட்ல சிட்டிசன் வேற யாராவது இருந்தா அவங்க பேர போடுங்க. 21 வயசு ஆகியிருக்கணும், போலீஸ் ரெக்கார்டு செக் இருக்கும். அப்பாவால நடந்து போக முடிஞ்சா கேர்கிவரே கட்டாயம் இல்ல, அவரே போய் வாங்கலாம்.

குசும்பன் அண்ணா, ஹெச்1பில இருந்தா அந்தப்பக்கம் தலை வச்சுக்கூட படுக்காதீங்க. க்ரீன் கார்டு மெடிக்கல் எக்ஸாம்லயே அத பண்ற டாக்டர் கேப்பாரு. வெதுவெதுன்னு பால் குடிச்சுட்டு படுங்க.

வெஸ்ட்செஸ்டர்_அக்கா:

என் மாமனாருக்கு ரெண்டு வருஷம் முன்னாடி எடுத்தோம், பார்க்கின்சன்ஸ். நாங்க எங்க இடறினோம்னு சொல்றேன், எல்லாம் பேர் பிரச்சனைதான். ரெஜிஸ்டர் பண்றப்ப பேரும் அட்ரஸும் பென்டாட், அதாவது பென்சில்வேனியா லைசென்ஸ் ஆபீஸ், குடுத்த லைசென்ஸ்லயோ ஐடிலயோ எப்படி இருக்கோ எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கணும். எங்க மாமனாருக்கு ஒரு கார்டுல இனிஷியல் மட்டும், இன்னொண்ணுல அவங்க அப்பா பேரு முழுசா, பாஸ்போர்ட்ல சர்நேம் இடத்துல சொந்த பேரு. நான் பாஸ்போர்ட்ட பாத்து டைப் பண்ணேன், ஏத்துக்கவே இல்ல. மூணு தடவை முயற்சி பண்ணிட்டு ஃபோன் போட்டா அந்தப்பக்கம் இருந்த பொண்ணு, இதுல எது அவரோட லாஸ்ட் நேம்னு கேக்குது. தமிழனுக்கு லாஸ்ட் நேம்னு ஒண்ணு இல்லம்மா, முன்னால இருக்கறது அவங்க அப்பான்னு நான் விளக்க, அப்ப அப்பாவுக்கும் சேத்து கார்டு வேணுமான்னு கேட்டுச்சு. சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல.

அதனால தம்பி நீங்க முதல்ல செய்ய வேண்டியது கலிஃபோர்னியா லைசென்ஸ மாத்துறது. எப்படியும் குடி வந்து 60 நாள்ல மாத்தியிருக்கணும் 🙂. வண்டி ஓட்டலன்னா போட்டோ ஐடி கார்டு மட்டும் எடுத்தாலும் போதும். சிட்டிசன்ஷிப் சர்டிஃபிகேட் இல்ல பாஸ்போர்ட், சோஷியல் செக்யூரிட்டி கார்டு, அட்ரஸுக்கு ரெண்டு ப்ரூஃப். அவர் பேர்ல கரண்ட் பில்லு எதுவும் இருக்காதுல்ல, அப்ப நீங்க உங்க லைசென்ஸும் பில்லும் எடுத்துட்டு கூடவே போங்க, ஒரே வீட்ல இருக்கோம்னு சொன்னா ஏத்துக்குவாங்க.

லைசென்ஸ்னதும் ஒண்ணு. அப்பா வண்டி ஓட்டுவாருன்னா கார்டு வந்தப்புறம் சாவிய வாங்கி வச்சிடுங்க. இந்த ஊரு டியூஐ சட்டத்துல, அதாவது போதைல வண்டி ஓட்டுறதுக்கான சட்டத்துல, கார்டு இருக்குன்றதெல்லாம் சாக்கு இல்ல, ரத்தத்துல அதோட மிச்சம் துளி இருந்தாலும் கேஸ், அதுவும் சாப்பிட்டு நாள் கணக்கா ஆகியும் உடம்புல தங்கும்.

டிஸ்பென்சரி எப்படி இருக்கும்னு பயப்படாதீங்க, கண் டாக்டர் ஆபீஸ் மாதிரிதான். வாசல்ல கார்டும் ஐடியும் பாப்பாங்க, முதல் தடவை ஃபார்மசிஸ்ட்கூட உக்கார வைப்பாங்க, அவர் சாப்பிடுற எல்லா மாத்திரையோட லிஸ்ட்டையும் எடுத்துட்டு போங்க, ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின் சாப்பிட்டா முக்கியமா சொல்லணும். க்ரெடிட் கார்டு எடுக்க மாட்டாங்க, கேஷ் இல்ல டெபிட். இங்க பிஸ்கட் சாக்லேட் மாதிரி விக்க அனுமதி இல்ல, கேப்ஸ்யூல், நாக்குக்கு கீழ விடுற சொட்டு மருந்து, சப்புற மாத்திரை, இந்த மாதிரி.

நாங்க பண்ண தப்பு என்னன்னா, மாமனாருக்கு முதல் நாள் 2.5 மில்லிகிராம் கேப்ஸ்யூல் ஒண்ணு குடுத்தோம். ஒரு மணி நேரம் ஆச்சு, ஒண்ணுமே தெரியலம்மான்னாரு. சரின்னு இன்னொண்ணு குடுத்தேன். வயித்து வழியா போறது வேலைய காட்ட ரெண்டு மணி நேரம் ஆகலாம்னு அந்த ஃபார்மசிஸ்ட் சொன்னது எனக்கு அப்பதான் ஞாபகம் வருது. மனுஷன் பாத்ரூம் போக எந்திரிச்சவரு தலை சுத்தி கதவ பிடிச்சுட்டு நின்னுட்டாரு, பிபி இறங்கிடுச்சு. விழல, தெய்வாதீனம். ராத்திரி பூரா நானும் வீட்டுக்காரரும் பக்கத்துல உக்காந்திருந்தோம், அவரு என்னடான்னா 1974ல தஞ்சாவூர்ல யாரு எந்த சைக்கிள திருடுனாங்கன்னு விலாவாரியா சொல்லிட்டிருக்காரு. அதனால ஒண்ணு குடுத்தா அன்னைக்கு அதோட நிறுத்துங்க.

அப்புறம் டிசம்பர்ல ஊருக்கு போற பழக்கம் இருந்தா ஒரு சொட்டு கூட பையில இருக்கக்கூடாது. இந்த கார்ட மீனம்பாக்கத்துல காட்டினா அவன் என்ன பண்ணுவான், அங்க என்டிபிஎஸ்னு போதைப் பொருள் சட்டம்.

எக்ஸ்டன்காரன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நேத்து ராத்திரி உக்காந்து ரெண்டு தடவை படிச்சேன். கேர்கிவர் விஷயத்துல நான் நேரா போய் விழுந்திருப்பேன், படிவம் ப்ரோ உங்களுக்கு ஒரு ஃபில்டர் காஃபி பாக்கி. வைஃப் போன வருஷம்தான் சிட்டிசன் ஆனா, அவ பேர போடுறோம், மாமனாருக்கு மருமக கஞ்சா வாங்கப்போறான்னு அம்மா இன்னும் பேசாம இருக்காங்க. ஆன்காலஜிஸ்ட் ஆபீஸுக்கு மெசேஜ் போட்டேன், ட்ரோனாபினாலுக்கு சரின்னுட்டாங்க, இன்சூரன்ஸ்ல உக்காந்திருக்கு. வியாழக்கிழமை அப்பாவ பென்டாட் கூட்டிட்டு போறேன், பம்ப் கழட்டின மறுநாள், சீக்கிரமா முடிச்சிடணும், ரொம்ப நேரம் நிக்க முடியாது. அவர் பேர நாலு டாக்குமென்ட்லயும் எடுத்து பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தேன், மூணு விதமா இருக்கு.

ஒரு சின்ன கேள்வி. அந்த சொட்டு மருந்த ஃப்ரிட்ஜ்லதான் வைக்கணுமா? அவரால சில்லுன்னு எதையும் தொட முடியாது.

வெஸ்ட்செஸ்டர்_அக்கா:

எங்களுக்கு குடுத்தது வெளியவே வச்சுக்கலாம்னுதான் போட்டிருந்துச்சு, வெயில் படாம இருந்தா போதும், பாட்டில்ல என்ன போட்டிருக்குன்னு பாத்துக்கோங்க. டப்பாவ மட்டும் மாத்தாதீங்க, அவர் பேர் ஒட்டுன அதே பாட்டில்ல இருக்கட்டும். வீட்ல சின்னப் பசங்க இருக்கா? இருந்தா பூட்டு போட்ட பெட்டி ஒண்ணு வாங்கிடுங்க, சாவி உங்க வைஃப்கிட்ட.