பரந்தன் வீதியில் பற்றரி பஸ்: மீன் பெட்டியை எங்கே ஏற்றுவது?

தருமபுரத்தான் எழுதியது:

உறவுகளுக்கு வணக்கம். கிளிநொச்சியிலிருந்து பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்பு ஊடாக முல்லைத்தீவுக்கு ஓடும் தனியார் பஸ்களில் ஒன்று என்னுடையது. 54 இருக்கை. சாரதியும் நானே, நடத்துனர் என் பெரியம்மாவின் பேரன். ஒரு நாளைக்கு இரண்டு முறை போய்த் திரும்புவேன். ஒரு பக்கம் 57 கிலோமீற்றர் வரும். இரவு வளவுக்குள் பஸ்ஸை விடும்போது 230 தாண்டியிருக்கும். லீற்றருக்கு நான்கு கிலோமீற்றர் ஓடினால் அது எனக்கு நல்ல நாள். நல்ல நாளிலேயே 57, 58 லீற்றர் டீசல் குடித்துவிடுகிறது.

மனைவியின் தம்பி லண்டனில் பஸ் ஓட்டுகிறான். போன மாதம் விடுமுறையில் வந்தவன் என்னோடு முன் இருக்கையில் முல்லைத்தீவு வரை வந்தான். இறங்கியதும் ஒரு காதை விரலால் குடைந்துகொண்டு, "அத்தான், இந்தச் சத்தத்துக்குள் இருபது வருடம் எப்படி இருந்தீர்கள்?" என்று கேட்டான். அவன் அங்கே ஓட்டுவது பற்றரி பஸ். பாதிக் காசு தான் போடுவதாகவும் மீதிக்கு நான் கடன் எடுக்க வேண்டும் என்றும் அன்று தொடங்கியவன், விமானம் ஏறும்வரை விடவில்லை.

ஆசை எனக்கும் இருக்கிறது. 2022 ஜூனில் டீசல் லீற்றர் 460 ரூபாய்க்குப் போனது. அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. மூன்று இரவு எரிபொருள் வரிசையில், பஸ்ஸுக்குள்ளேயே நுளம்புத்திரி கொளுத்திப் படுத்திருந்தேன். ஆனால் அதே வருடம் மார்ச் கடைசியில் மின்சாரமும் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் இல்லையே! அன்று பற்றரி பஸ் வைத்திருந்தவன் எதைக் குடித்து ஓடியிருப்பான்?

ஒரு சார்ஜில் 230 கிலோமீற்றர் ஓடுமா? வீட்டு வளவில் சார்ஜ் போட முடியுமா? மாரியில், முல்லைத்தீவுக்குக் கிட்டக் கடலேரியைக் கடக்கும் வட்டுவாகல் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாயும்போது பற்றரிக்கு என்ன ஆகும்? பழுதானால் யாரிடம் கொண்டுபோவது?

இன்னொன்று, சிரிக்கக் கூடாது. காலையில் முல்லைத்தீவிலிருந்து திரும்பும்போது பின் கதவடியில் ஆறேழு மீன் பெட்டி வரும், ஐஸ் தண்ணீர் சொட்டச் சொட்ட. கூரையில் நெல் மூட்டை, சைக்கிள், வாழைக்குலை. ஒருமுறை ஒரு கலியாணக் கட்டிலே வந்தது. அந்தக் கூலியில்தான் என் நடத்துனரின் சம்பளம் போகிறது. படங்களில் பார்க்கும் பற்றரி பஸ்களின் கூரையை ஏதோ பெட்டிகளால் மூடியிருக்கிறார்கள். மீனை எங்கே ஏற்றுவது?

அறிவியல்நகர் மாணவன் எழுதியது:

அண்ணா, நான் மின்பொறியியல் படிக்கிறேன். மீன் பெட்டி என் பாடத்தில் இல்லை. கணக்கை மட்டும் சொல்கிறேன்.

12 மீற்றர் நீளமான பற்றரி பஸ் கிலோமீற்றருக்கு ஓர் அலகு (யூனிட், அதாவது ஒரு கிலோவாட் மணி) முதல் ஒன்றரை அலகு வரை மின்சாரம் எடுக்கும். பரந்தன் வீதி மட்டமானது. குளிரூட்டியும் இல்லை என்றால் 1.1 அலகு என்று வைப்போம். 230 கிலோமீற்றருக்கு 253 அலகு. பற்றரியை அடிவரை வழித்தெடுக்கக் கூடாது, ஐந்தில் ஒரு பங்காவது மிஞ்ச வேண்டும். ஆகவே 320 அலகு கொள்ளும் பற்றரி தேவை. பஸ்களுக்கு அதிகம் போடும் லித்தியம் இரும்புப் பொஸ்பேற்று வகையில் அது இரண்டு தொன்னைத் தாண்டும். நாற்பதுக்கு மேற்பட்ட சீமெந்துப் பைகளை, பயணி இருந்தாலும் இல்லாவிட்டாலும், நாள் முழுவதும் சுமந்து திரிவது போல. அதோடு பற்றரி வருடாவருடம் கொஞ்சம் கொஞ்சமாக இளைக்கும். முதல் வருடம் மட்டுமட்டாகப் போதும் பற்றரி ஆறாம் வருடம் உங்களை உடையார்கட்டில் நிறுத்திவிடும்.

சார்ஜ் விடயம் நீங்கள் பயப்படும் அளவுக்கு மோசமில்லை. இழப்பையும் சேர்த்து இரவில் 280 அலகு ஏற்ற வேண்டும். எட்டு மணிக்குச் செருகி ஐந்து மணிக்குக் கழற்றினால் 31 கிலோவாட் போதும். மூன்று கட்ட 60 அம்பியர் இணைப்பு அதைத் தாங்கும். பொதுத்தேவைக் கட்டணத்தில் 42 கிலோவோல்ற் அம்பியருக்கு உள்ளே நின்றுகொள்வீர்கள். அதைத் தாண்டினால் அதிகபட்சக் கேள்விக்கென்று, அதாவது ஒரே நேரத்தில் இழுக்கும் உச்ச அளவுக்கென்று, தனியாக ஒரு தொகை பில்லில் ஏறும், மாலை 6.30 முதல் 10.30 வரை விலையும் கூடும். ஆனால் உங்கள் ஒழுங்கையின் மின்மாற்றி எத்தனை என்று பாருங்கள். அது 100 கிலோவோல்ற் அம்பியராக இருந்து, ஊர் முழுக்க விளக்குப் போட்டிருக்கும் நேரத்தில் நீங்களும் செருகினால் அயல் வீட்டுக் குமிழ்கள் மங்கும். முதலில் மின்சார சபைக்காரர் வரமாட்டார்கள், அயல்வீட்டு மாமி வருவார்.

வட்டுவாகலுக்கு: ஐபி 67 தரம் என்று எழுதியிருக்கும் பற்றரிப் பெட்டி ஒரு மீற்றர் ஆழத் தண்ணீரில் அரை மணித்தியாலம் கிடந்தாலும் உள்ளே தண்ணீர் போகாது என்று சோதிக்கப்பட்டது. அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடக்கிறது, கடல்நீரில் அல்ல.

பழைய பிற்றர் எழுதியது:

தம்பி தருமபுரத்தான், நான் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) சாலை ஒன்றில், அதாவது பஸ் டிப்போவில், 31 வருடம் பஸ் திருத்தும் பிற்றராக இருந்தவன். பத்து வயதில், கொழும்பில் மின்கம்பியைத் தொட்டுக்கொண்டு ஓடிய ட்ரொலி பஸ்ஸில் ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறியிருக்கிறேன். 1964 இல் அதை நிறுத்திவிட்டார்கள். ஆகவே மின்சாரத்தில் பஸ் ஓடுவது எனக்குப் புதினமில்லை. வன்னியில் ஓடுவதுதான் புதினம். இங்கே போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது மண்ணெண்ணெயில் ஓட்டினோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டோம். "மின்சார சபை" என்ற சொல்லே அப்போது பகிடி.

பற்றரி பஸ்ஸில் கிளச் தட்டு இல்லை, கியர்ப் பெட்டி இல்லை, டீசல் பம்ப் இல்லை, நொசில் இல்லை. என் வாழ்நாளில் முக்கால்வாசி நேரம் இந்த நான்கோடும்தான் போனது. பிரேக் சப்பாத்தும் நீண்ட நாள் உழைக்கும், மோட்டாரே வேகத்தை இழுத்துப் பிடிப்பதால். இவ்வளவும் உண்மை. ஆனால் காற்றுப் பிரேக் அப்படியே இருக்கிறது, கொம்பிறசரும் இருக்கிறது, டயரும் ஸ்பிரிங்கும் இருக்கின்றன. இரண்டு தொன் கூடினால் அவை முந்தித் தேயும். விசுவமட்டுக் குழிகள் பற்றரி பஸ் வருகிறதென்று விலகி நிற்கப்போவதில்லை.

எனக்குப் பயம் தோடம்பழ நிற வயர். அந்த நிறத்தில் வயர் கண்டால் அதற்குள் உயர் அழுத்த மின்சாரம் இருக்கிறது என்று அர்த்தம், 600 வோல்ற்றோ அதற்கு மேலோ இருக்கலாம். நாங்கள் பழகிய 24 வோல்ற் இல்லை. அதைத் தொட ரப்பர்க் கையுறை வேண்டும், தனிப் பயிற்சி வேண்டும், தொடுவதற்கு முன்னர் சாவி போட்டுத் துண்டிக்கும் முறை வேண்டும். பரந்தனில் உன் பஸ்ஸைப் பார்க்கும் பொடியன், எனக்குத் தெரிந்தவரை, வாயில் சிகரெட்டோடு சில்லுக்குக் கீழே படுப்பவன். கெட்டிக்காரன்தான், அதனால்தான் சொல்கிறேன்.

சாலையில் ஒருமுறை வெளிநாட்டிலிருந்து வடிவான பஸ்கள் சில வந்தன. எந்த நாடென்று சொல்லவில்லை, பிறகு சண்டைக்கு வருவார்கள். மூன்றாம் வருடம் ஒரு சின்ன வால்வு இல்லாமல் வேலிக்கரையில் நின்றன. ஒன்றைக் கழற்றி மற்றதற்குப் போட்டு, கடைசியில் எல்லாமே கோழி முட்டையிடும் இடமாகின. பஸ் வாங்கும் நாளில் உதிரிப்பாகம் எத்தனை நாளில் வரும் என்று எழுத்தில் வாங்கு. வாயால் சொன்னதை நம்பாதே.

முறிகண்டிப் பக்கம் ஓடுபவனுக்கென்றால் இன்னொரு யோசனை வைத்திருக்கிறேன். பிள்ளையாரடியில் எந்த வாகனமும் நிற்காமல் போவதில்லை. தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி ஏற எப்படியும் பத்து நிமிடம். அங்கே ஒரு சார்ஜர் நட்டால் என்ன? மாணவத் தம்பி கணக்குப் பார்த்துச் சொல்லட்டும்.

அறிவியல்நகர் மாணவன் எழுதியது:

ஐயா, 120 கிலோவாட் சார்ஜர் என்றால் பத்து நிமிடத்தில் 20 அலகு. 18 கிலோமீற்றர் ஓடலாம், மாங்குளம் எட்டிவிடும். பிறகு மாங்குளத்திலும் கச்சான் விற்க வேண்டும்.

லண்டன் மச்சான் எழுதியது:

அத்தான், அந்த மச்சான் நான்தான். வீட்டுக் கதையை ஊரறியப் போட்டுவிட்டீர்கள், பரவாயில்லை.

காதைக் குடைந்ததற்கு மன்னிப்பு. ஆனால் எட்டு மணித்தியாலம் ஓட்டிவிட்டு இறங்கும்போது என் கால்கள் நடுங்குவதில்லை, உங்களுடையவை நடுங்குகின்றன. அக்காவும் அதைத்தான் சொன்னா. அதனால்தான் கேட்டேன், காசுக்காக அல்ல.

சொல்லாமல் விட்டதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் டிப்போவில் காலையில் பற்றரி முழுதாக நிறைந்திருக்கும். அப்போது மீள்மின் பிரேக் (மோட்டாரே வேகத்தை இழுத்துப் பிடித்து மின்சாரமாக்கிப் பற்றரிக்கு அனுப்புவது) இழுக்காது, ஏனென்றால் இழுத்த மின்சாரத்தைப் போட இடமில்லை. முதல் நாள் எனக்கு அது தெரியாது. காலைத் தூக்கினால் வேகம் குறையும் என்று நம்பிச் சந்தியை நெருங்கினேன், பஸ் வழுக்கிக்கொண்டு போனது. வயிறு ஒருதரம் புரண்டது. சில கிலோமீற்றர் ஓடிய பிறகுதான் பழையபடி இழுக்கத் தொடங்கியது. இதை எந்த விளம்பரத்திலும் போடமாட்டார்கள்.

அடுத்தது சத்தம். மெதுவாக ஊர்ந்து வரும் பஸ்ஸின் சத்தம் பாதசாரிக்குக் கேட்காது என்பதால், குறைந்த வேகத்தில் செயற்கையாக ஓர் ஒலி எழுப்ப வைத்திருக்கிறார்கள். பரந்தன் வீதியில் இரவில் படுத்திருக்கும் மாடுகளுக்கு அந்த ஒலி விளங்குமா தெரியாது. உங்கள் டீசல் இரைச்சலுக்கே அவை எழும்புவதில்லை.

குளிர்காலத்தில் பயணிகளைச் சூடேற்றவே எங்கள் பற்றரியில் ஒரு பங்கு போய்விடும். உங்களுக்கு அந்தச் செலவு இல்லை. ஆனால் கண்ணாடி திறக்காத பஸ்ஸை வாங்கிவிட்டுச் சித்திரை வெயிலில் குளிரூட்டி இல்லாமல் ஓட முடியாது. திறக்கும் கண்ணாடியா என்று பார்த்து வாங்குங்கள்.

பம்பைமடுக்காரி எழுதியது:

வணக்கம். வவுனியா நகரத்திலிருந்து பம்பைமடுவில் உள்ள பல்கலைக்கழக வளாகத்துக்குத் தினமும் போய்வருகிறேன். அண்ணாவின் வழி எனக்குத் தெரியாது, என் வழி தெரியும். மன்னார் வீதியில் பத்துக் கிலோமீற்றர் அளவுதான். காலையில் குருமன்காட்டுச் சந்தியில் ஏறுபவர்கள் மிதிபலகையிலேயே தொங்கிக்கொண்டு வருவார்கள். பத்து மணிக்குப் பிறகு அதே பஸ் ஆளில்லாமல் நிலையத்தில் வெயில் காயும், சில நாள் ஒன்றரை மணித்தியாலம்.

பற்றரி பஸ் ஜெயித்த இடங்களைப் பார்த்தால் அவை இப்படியான குறுகிய நகர வழிகள்தான். சீனாவின் ஷென்சென் நகரம் 2017 முடிவில் தன் 16,359 பஸ்களையும் மின்சாரத்துக்கு மாற்றியது. அவை இரவில் ஒரே இடத்துக்குத் திரும்பிச் சார்ஜ் ஏற்றுபவை. சென்னையில் 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 பஸ்கள் தொடங்கின. அங்கே பஸ்ஸும் சாரதியும் ஒப்பந்த நிறுவனத்துடையவை, நடத்துனர் மாநகரப் போக்குவரத்துக் கழகத்தவர். ஓடிய கிலோமீற்றருக்கு இவ்வளவு என்று கழகம் பணம் கொடுக்கிறது. பற்றரி இளைத்தால் தலையிடி நிறுவனத்துக்கு. தருமபுரத்தான் அண்ணா விடயத்தில் பஸ்ஸும் அவருடையது, கடனும் அவருடையது, பற்றரியும் அவருடையது. ஆளில்லாத நடையும் அவருடையதுதான். ஒரு மனிதர் இவ்வளவையும் தலையில் ஏற்றிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்று: நண்பகலில் சூரிய மின்சாரம் மிஞ்சிப்போகிறது. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், கூரைச் சூரியகலங்களைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபையே கேட்டது. அந்த நேரத்தில்தான் எங்கள் பஸ் நிலையத்தில் சும்மா நிற்கிறது.

தருமபுரத்தான் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பிற்றர் ஐயா, பரந்தன் பொடியனிடம் காட்டினேன். சிகரெட்டைக் கீழே போட்டுவிட்டு வாசித்தான், பிறகு இன்னொன்று பற்றவைத்தான்.

ஒழுங்கை மின்மாற்றியைப் போய்ப் பார்த்தேன். தகட்டில் 100 என்றுதான் இருக்கிறது. அயல்வீட்டு மாமி ஏன் கம்பத்தை அண்ணாந்து பார்க்கிறாய் என்று இப்போதே கேட்டுவிட்டார்.

நேற்று முல்லைத்தீவில் மதியம் எவ்வளவு நேரம் நிற்கிறேன் என்று மணிக்கூடு பார்த்தேன். ஒரு மணித்தியாலம் 50 நிமிடம். அங்கே ஒரு சார்ஜர் இருந்தால் கொஞ்சம் சின்னப் பற்றரியோடு சமாளிக்கலாம், சீமெந்துப் பையும் குறையும். ஆனால் என் ஒருவனுக்காக யார் அதை நடுவார்கள்? கூரைக்கும் பதில் வரவில்லை. மீன்காரருக்குத் தனியாக ஒரு சின்ன லொறி விடும்படி மச்சானிடம் கேட்கட்டாம் என்கிறாள் மனைவி.

இந்த வழிக்கு இப்போது வேண்டாம் என்று மச்சானுக்குச் சொல்லிவிட்டேன். ஆனால் அவனுடைய காசை விடவும் மனமில்லை. தங்கச்சி பம்பைமடுக்காரி, உங்கள் வழியில் ஒரு பஸ் ஒரு நாளைக்கு எத்தனை நடை ஓடுகிறது, கூரையில் சாமான் ஏற்றுகிறார்களா என்று ஒரு கிழமை பார்த்து எழுத முடியுமா? வழித்தட அனுமதி பற்றி நான் வவுனியாவில் விசாரிக்கிறேன்.