பரிசோதனை முடிவு வருமுன் ஒசெல்டாமிவிர் தொடங்கலாமா?

கேள்வி

என் தாயாருக்கு வயது 68. நெடுநாளாகச் சர்க்கரை நோய் உண்டு. சிறுநீரகமும் சற்றுப் பழுதுபட்டிருக்கிறது. நேற்றுக் காலை குளிர்காய்ச்சலும் வறட்டு இருமலும் கடுமையான உடல்வலியும் தொடங்கின. மூக்கில் மாதிரி எடுத்துச் செய்த ரேப்பிட் பரிசோதனையில் நெகட்டிவ் என்று வந்தும், மருத்துவர் இன்ஃப்ளூயன்ஸாவாக இருக்கலாம் என்று சொல்லி ஒசெல்டாமிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தை 75 மி.கி. அளவில் எழுதிக் கொடுத்திருக்கிறார். இன்னும் துல்லியமான பிசிஆர் பரிசோதனையின் முடிவு நாளை மறுநாள்தான் வரும். அதுவரை பொறுத்திருக்கலாம் என்கிறார் அண்ணன். எது சரி?

பதில் 1

பொது மருத்துவராக இருக்கிறேன். தயவுசெய்து காத்திருக்க வேண்டாம். நோய் தொற்றிய செல்லிலிருந்து புதிய வைரஸ்கள் பிரிந்து வெளியேறுவதற்குத் தேவையான நியூராமினிடேஸ் என்ற நொதியைத்தான் இந்த மருந்து தடுக்கிறது. வைரஸ் பெருக்கம் முதல் இரண்டு மூன்று நாட்களிலேயே உச்சத்தைத் தொட்டுவிடுவதால், அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பயன் கிடைக்கும். ரேப்பிட் பரிசோதனை உண்மையான தொற்றையும் பல நேரங்களில் தவறவிடும் என்பதால், அந்த நெகட்டிவை நம்பி மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. இன்ஃப்ளூயன்ஸாவின் ஒரு வகையான எச்1என்1 காய்ச்சலுக்கு, நோயின் கடுமையையும் ஆபத்தையும் வைத்து மத்திய சுகாதார அமைச்சகம் வகுத்த ஏ, பி, சி பிரிவுகளில், 65 வயதைக் கடந்தவர்கள், கர்ப்பிணிகள், சர்க்கரை, இதய, நுரையீரல், சிறுநீரக நோயாளிகள் ஆகியோருக்குப் பரிசோதனை இல்லாமலேயே ஒசெல்டாமிவிர் தரச் சொல்லியிருக்கிறார்கள். மருந்துக் கடையில், பாக்டீரியாவுக்கான மருந்தாகிய அசித்ரோமைசினை வாங்கி விழுங்கியே அந்த இரண்டு நாட்களைக் கழித்துவிட்டு, மூச்சுத்திணறலோடு வருபவர்களைப் பார்க்கும்போது மனம் வேதனைப்படுகிறது.

பதில் 2

மருத்துவர் ஐயாவின் கருத்தை மதிக்கிறேன். ஆனால் மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2014இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பின்படி, பெரியவர்களுக்கு இம்மருந்தால் அறிகுறிகள் 7 நாளிலிருந்து 6.3 நாளாகத்தான் குறைந்தன. மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை குறைந்ததாகத் தெரியவில்லை. குமட்டலும் வாந்தியும் கூடின. இதற்காகவா இவ்வளவு அவசரம்?

பதில் 1 (தொடர்ச்சி)

நியாயமான கேள்வி. வீட்டிலேயே இருக்கும் நோயாளிகளுக்கு மருத்துவமனைச் சேர்க்கையை இது குறைக்கும் என்று உறுதியாக நிறுவப்படவில்லை என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் அந்தச் சோதனைகளில் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் வேறு நோய் இல்லாதவர்கள். அவர்களில் மருத்துவமனை வரை போனவர்களே மிகக் குறைவு. 2009 பெருந்தொற்றின்போது மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்ட 29,000க்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்த மற்றோர் ஆய்வில், இரண்டு நாட்களுக்குள் மருந்து பெற்றவர்களிடையே, தாமதமாகப் பெற்றவர்களைவிட இறப்பு ஏறத்தாழப் பாதியாக இருந்தது. அது நடந்ததைக் கவனித்துப் பதிவு செய்த அவதானிப்பு ஆய்வுதான், முழு நிரூபணம் ஆகாது. ஆயினும் 68 வயதுச் சர்க்கரை நோயாளியின் விஷயத்தில், சிறிது குமட்டலையும் நிமோனியாவையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தால் எனக்குத் தயக்கமே இல்லை. திடகாத்திரமான இளைஞருக்கு லேசான காய்ச்சல் என்றால் நானும் எழுதித் தர மாட்டேன்.

பதில் 3

மருந்தாளுநர் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். ஒசெல்டாமிவிர் சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து. சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகத்தைக் காட்டும் கிரியேட்டினின் கிளியரன்ஸ் நிமிடத்துக்கு 30 மி.லி.க்கும் 60 மி.லி.க்கும் இடையில் இருந்தால், வழக்கமான 75 மி.கி.க்குப் பதிலாக 30 மி.கி. வீதம் காலையும் இரவும் 5 நாட்கள் கொடுப்பார்கள். ஆகவே அம்மாவின் அண்மைய ரத்தப் பரிசோதனை அறிக்கையை மருத்துவரிடம் இன்றே காட்டிவிடுங்கள். சாப்பாட்டுக்குப் பின் கொடுத்தால் குமட்டல் குறையும். காய்ச்சல் விட்டுவிட்டது என்று மூன்றாம் நாளே நிறுத்திவிடாதீர்கள். மூச்சுத்திணறலோ, நெஞ்சுவலியோ, மயக்கமோ, சளியில் ரத்தமோ தென்பட்டால், மருந்து உள்ளே போய்க்கொண்டிருக்கிறதே என்று இருந்துவிடாமல் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. அறிக்கையை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மருத்துவர் அளவை 30 மி.கி. ஆக மாற்றித் தந்துவிட்டார். அண்ணனும் ஒப்புக்கொண்டார். இரவு உணவுக்குப் பின் முதல் காப்ஸ்யூலைக் கொடுக்கிறோம்.